பட்டியல் மனப்பாடம், மாதிரித் தேர்வில் தடுமாற்றம்: என்ன செய்வது?

கேள்வி: வெளிநாட்டில் மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வு எழுத இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் உள்ள பட்டியலை இரண்டு முறை முடித்துவிட்டேன். பட்டியலைப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது, மாதிரித் தேர்வில் கோட்டை விடுகிறேன். இன்னொரு பட்டியலைத் தொடங்கட்டுமா?

பதில்: வேண்டாம். கையில் இருப்பதே போதும், படிக்கும் விதம்தான் மாற வேண்டும்.

உங்கள் பட்டியல் எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை இந்தத் தேர்விலிருந்து 2011-லேயே எடுத்துவிட்டார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று உருப்போடும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். இப்போது சொல் வாக்கியத்துக்குள்தான் வருகிறது. வெர்பலில், அதாவது ஆங்கில மொழித்திறன் பகுதியில், ஏறக்குறைய பாதி கோடிட்ட இடத்தை நிரப்பும் வகை. இரண்டு, மூன்று கோடுகள் இருந்தால் எல்லாமே சரியாக இருக்க வேண்டும், பாதி மதிப்பெண் கிடையாது.

இதில் ஆளைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் தெரிந்த சொற்கள்தான். ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது என்று நினைப்போம். ‘குவாலிஃபைட்’ பாராட்டு என்றால் ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா...’ என்று இழுக்கிற பாராட்டு. ‘சாங்ஷன்’ அனுமதியும் ஆகும், தண்டனையும் ஆகும். ‘டெம்பர்’ வினைச்சொல்லாக வந்தால் மட்டுப்படுத்துவது. ‘எனர்வேட்’ எனர்ஜி கொடுப்பதுபோல ஒலிக்கும். பொருளோ சோர்வடையச் செய்வது. (நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.) இப்படிப்பட்டவற்றுக்குத் தனி நோட்டு போடுங்கள்.

மற்றவற்றைக் குடும்பமாகப் பிரியுங்கள். ‘டாசிடர்ன்’, ‘லக்கானிக்’, ‘டெர்ஸ்’ மூன்றுக்கும் பட்டியலில் ‘குறைவாகப் பேசுதல்’ என்றே இருக்கும். ஆனால் டாசிடர்ன் என்பது ஆளின் சுபாவம். டெர்ஸ் என்பது பேச்சின், எழுத்தின் சுருக்கம். சில நேரம் வெடுக்கென்ற தொனியும் சேரும். லக்கானிக், அளந்து பேசுவதற்குப் பேர்போன ஸ்பார்ட்டாக்காரர்களின் லக்கோனியா நாட்டுப் பெயரிலிருந்து வந்தது. கதை தெரிந்தால் சொல் லேசில் மறக்காது. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். அகராதி வாக்கியத்தைவிட உங்களுக்குத் தெரிந்த ஆளைப் பற்றியதாக இருந்தால் நல்லது.

அப்புறம், பார்த்ததும் ‘தெரியும்’ என்று தோன்றுவதை நம்பாதீர்கள். பொருளை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம், தடுமாறினால் மறுநாளே. இந்தக் கணக்கை ஆன்கி போன்ற செயலி பார்த்துக்கொள்ளும். புதிய சொற்கள் நாளுக்கு 15 போதும்.

கேள்விக்கு வரும்போது, விடைகளைப் பார்க்கும் முன்பே கோட்டில் உங்கள் சொல்லைப் போடுங்கள். தமிழ்ச்சொல் வந்தாலும் சரி. ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’ மாதிரி கருத்தை எதிர்ப்பக்கம் திருப்பும் சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே கோட்டுக்கு, வாக்கியம் ஒரே பொருள் தரும்படி ஆறு சொற்களில் இரண்டைத் தேர்வு செய்யும் கேள்வியில், ஒரே பொருள் தரும் ஜோடி கண்ணில் பட்டதும் குறித்துவிடாதீர்கள். வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடியையும் வைத்திருப்பார்கள்.

வெர்பலில் மொத்தம் 27 கேள்விக்கு 41 நிமிடம். பத்திகளை வாசிக்க நேரம் வேண்டும், அதனால் கோடு நிரப்புவதை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். கடைசி வாரம் புதிய சொல் எதுவும் வேண்டாம். அந்தத் தனி நோட்டும் தப்பாகப் போன கேள்விகளும் மட்டும்.