படுத்த படுக்கையா இருக்கற அம்மாவ பாத்துக்கிட்டே 30 தாண்டிருச்சு. இனிமே தனியா ஊர் சுத்தி அதப்பத்தி எழுதறதெல்லாம் நடக்குமா? அப்படி வாழ்ந்த பொண்ணு யாராவது இருக்காங்களா?

இருக்காங்க. டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்துல லிஸ்மோர்னு ஒரு சின்ன ஊரு, 1931ல பொறந்தவங்க, 2022 மே மாசம் அதே ஊர்ல 90 வயசுல போய்ச் சேந்தாங்க. நடுவுல சைக்கிள்ல இந்தியா வரைக்கும் வந்து, எத்தியோப்பியா மலையில கோவேறு கழுதையோட நடந்து, 20க்கு மேல புஸ்தகம் எழுதி, கல்யாணமே பண்ணிக்காம ஒரு பொண்ணையும் வளத்தாங்க.

நீங்க உங்க நிலைமைய ரெண்டு வரியிலதான் போட்டிருக்கீங்க, மீதிய நானே ஊகிச்சுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கேள்வி போட்ட நேரம் ராத்திரி ரெண்டே காலுன்னு காட்டுது. அந்த நேரத்துல டயப்பர் மாத்தி, திருப்பிப் படுக்க வெச்சு, முதுகுல பவுடர் போட்டுட்டு தூக்கம் போயி ஃபோன நோண்டிட்டு இருந்திருப்பீங்க. கூடப்பொறந்தவங்க இருப்பாங்க, வெளியூர்ல இருப்பாங்க, ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல "அம்மா எளைச்சாப்ல இருக்காங்களே, சரியா சாப்பாடு குடுக்கறியா"ன்னு கேப்பாங்க. எங்க வீட்ல அப்படித்தான்.

டெர்வ்லாவப் பத்தி யூடியூப்ல வர்ற வீடியோ எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பத்தாவது பொறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு அட்லஸும் கெடைச்சது, ஒரு ஏத்தத்துல பெடல் மிதிக்கறப்ப காலப் பாத்துக்கிட்டே இப்படியே மிதிச்சுட்டே இருந்தா இந்தியா போயிறலாமேன்னு தோணுச்சு, பெரியவங்க சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. அடுத்த சீன்ல 1963, சைக்கிள், துப்பாக்கி, ஓநாய். 10 வயசுக்கும் 31 வயசுக்கும் நடுவுல இருந்தத ஒரு வரில தாண்டிப் போயிருவாங்க. எனக்கு கோவம் வர்ற இடமே அதுதான்.

அந்த நடுவுல என்ன நடந்துச்சுன்னா, அவங்க அம்மாவுக்கு கடுமையான முடக்குவாதம், டெர்வ்லா கொழந்தையா இருக்கறப்பவே நடக்க முடியாம போயிருச்சு. அப்பா அந்த மாவட்டத்து நூலகர், வீட்ல புஸ்தகத்துக்கு குறைச்சலே இல்ல, காசுக்குத்தான் குறைச்சல். வேலைக்கு ஆள் நெலைக்கல, அதனால 14 வயசுல பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு அம்மாவ பாத்துக்க வந்தாச்சு. ஒரே பொண்ணு. அப்புறம் 16 வருஷம். தூக்கி உக்கார வெக்கறது, குளிப்பாட்டறது, சமையல், ராத்திரி எத்தன தடவ கூப்பிட்டாலும் எந்திரிக்கறது. 1961ல அப்பா போயிட்டாரு, 1962ல அம்மாவும். 1963 ஜனவரில, ஐரோப்பாவே பனில உறைஞ்சு கிடந்த அந்த குளிர்காலத்துல, சைக்கிள எடுத்துட்டு பிரான்ஸ் கரையில இருக்கற டன்கர்க்குல இருந்து கிளம்பிட்டாங்க. வயசு 31. அதனாலதான் உங்க கேள்வியப் பாத்ததும் கை பரபரன்னு வந்துருச்சு எனக்கு.

இத "பொறுமையா காத்திருந்தா பலன் கிடைக்கும்"னு ஒரு மோட்டிவேஷன் கதையா ஆக்கறதுக்கு நான் எழுதல. 1979ல 'வீல்ஸ் விதின் வீல்ஸ்'னு சுயசரிதை எழுதினாங்க, அதப் படிச்சா தெரியும். அந்த வருஷங்கள எங்கயும் தியாகம்னு மினுக்கிக் காட்டல. கடைசி வருஷங்கள்ல அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்த சண்டை, மூச்சு முட்டுனது, வெறுப்பு, அம்மா போனப்ப வந்த விடுதலை உணர்வு, எல்லாத்தையும் பேர் சொல்லியே எழுதியிருக்காங்க. சொந்த அம்மாவப் பத்தி இப்படி எழுதலாமா கூடாதான்னு நீங்க சண்டை போடலாம். என்னைக் கேட்டா ஓநாய சுட்டதவிட அத எழுதுனதுக்குத்தான் நெஞ்சுறுதி வேணும்.

எங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக். ரிட்டயர்டு டீச்சர், ஈரோட்டுல அவங்ககிட்ட படிக்காத ஆளே இல்லங்கற மாதிரி ஒரு காலம் இருந்துச்சு. வலது பக்கம் முழுசா போயிருச்சு, பேச்சு பாதி போச்சு, ஆனா அதிகாரம் மட்டும் அப்படியே இருந்துச்சு. சாம்பார்ல உப்பு கம்மின்னா இடது கையால தட்டத் தள்ளி விடுவாங்க. அண்ணன் ஹைதராபாத்ல. காசு அனுப்புவான், குறை சொல்லல, ஆனா காசு அனுப்பறதும் ராத்திரி எந்திரிக்கறதும் ஒண்ணு இல்ல. நான் ஒரு ஆடிட்டர் ஆஃபீஸ்ல இருந்தேன், வேலைய விட்டாச்சு. பாக்க வர்ற சொந்தக்காரங்க ஆர்லிக்ஸ் பாட்டில டீப்பாய்ல வெச்சுட்டு "உனக்கு புண்ணியம் கண்ணு, உன்னை மாதிரி மக யாருக்கு கிடைக்கும்"னு சொல்லிட்டு காப்பி குடிச்சுட்டு போவாங்க. ஒருநாள் எங்க பெரியம்மாகிட்ட கேட்டுட்டேன், "அந்த புண்ணியத்துல உங்களுக்கும் பாதி தர்றேன் பெரியம்மா, நாளைக்கு ராத்திரி மட்டும் வந்து படுத்துக்கறீங்களா"ன்னு. அதுக்கப்புறம் பெரியம்மா வரவேயில்ல. நான் பேசுனது சரிதான், இன்னைக்கும் அதையேதான் சொல்லுவேன்.

இங்க ஒரு விஷயம், கேள்விக்கு சம்பந்தமே இல்ல, இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல. பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோட இருக்கறதா சான்று குடுக்கணும் இல்லையா. வீட்டுக்கே வந்து பாக்கற வசதி இருக்குன்னு பேப்பர்ல போடறாங்க. எங்க ஊர்ல அந்த ஆஃபீஸ்ல இருந்தவரு "அதெல்லாம் தெரியாதுங்க, ஆள கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாரு. படுத்தே கிடக்கறவங்கள ஆட்டோவுல நானும் பக்கத்து வீட்டு தம்பியும் தூக்கி உக்கார வெச்சு, ஒரு பக்கம் சாஞ்சுராம புடிச்சுக்கிட்டே போனா, அங்க கைரேகை மெஷின் எடுக்கல. வயசானா ரேகை தேஞ்சுரும், அது அவங்களுக்குத் தெரியாதா? துடைச்சு வெச்சு, எண்ணெய் தடவி வெச்சு, எல்லாம் பண்ணியாச்சு. "நாளைக்கு வாங்க மேடம்"னாரு. எங்கம்மா பாதி பேச்சுல அவர திட்டுனது அந்த ஹால் முழுக்க கேட்டுச்சு, அவருக்குத்தான் புரியல. முப்பது வருஷத்துக்கு மேல பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுத்தவங்க உயிரோட இருக்காங்கன்னு ஒரு மெஷின் சொன்னாத்தான் நம்புவாங்களாம். சரி விடுங்க.

டெர்வ்லா கதைக்கு வர்றேன். எல்லாரும் தாண்டிப் போற இன்னொண்ணு, அந்த 16 வருஷத்துலயும் அவங்க வெளிய போயிருக்காங்க. 20 வயசு வாக்குல அவங்க அம்மாவே போயிட்டு வான்னு தள்ளி விட்டாங்க. வேல்ஸ், இங்கிலாந்து, அப்புறம் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின்னு சைக்கிள்லயே சின்னச் சின்ன பயணம், அதப்பத்தி அயர்லாந்துப் பத்திரிகைகள்ல ஒண்ணு ரெண்டு கட்டுரை. வான்னு கூப்பிட்டா திரும்பிரணும், அதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அதாவது 1963ல கிளம்புனது திடீர்னு வந்த வீரம் இல்லைங்க, ஒத்திகை பாத்து வெச்ச வேலை. போற வழியில இருக்கற ஊருகளுக்கு ஸ்பேர் டயர் முன்கூட்டியே அனுப்பி வெச்சாங்க. ஆசியா ரோட்டுக்கு கியர் எல்லாம் தாங்காதுன்னு அந்த மூணு கியரையும் கழட்டிட்டாங்க. சைக்கிள் ஆம்பளைங்க ஓட்டற ஆர்ம்ஸ்ட்ராங் கேடட், அதுக்கு ராஸ்னு பேரு, ஸ்பெயின் நாவல்ல வர்ற டான் கிஹோட்டேயோட குதிரைப் பேர சுருக்கி வெச்சது. கைத்துப்பாக்கி ஒண்ணு வாங்கி சுடவும் பழகிக்கிட்டாங்க. யூகோஸ்லாவியாவுல பனிக்குள்ள ஓநாய்ங்க மேல பாஞ்சப்ப அதுதான் காப்பாத்துச்சு. ஆனா பெரிய அடி ஓநாய்கிட்ட வாங்கல. ஆப்கானிஸ்தான்ல பஸ்ல யாரோ யார்கூடவோ போட்ட தகராறுல துப்பாக்கிக் கட்டை இவங்க விலாவுல பட்டு மூணு எலும்பு ஒடைஞ்சுது. அப்பவும் அந்த நாட்டு மேல வெச்ச பிரியம் குறையல, அந்தப் பக்கங்கள் எல்லாம் காதல் கடிதம் மாதிரிதான் இருக்கும். ஜூலைல டெல்லி. மொத்த செலவு அவங்க ஊர் காசுல 64 பவுண்டு சொச்சம்.

டெல்லி சேந்ததும் போட்டோ எடுத்துட்டு ஊருக்குப் போகல, தர்மசாலாவுல திபெத் அகதிக் கொழந்தைங்க முகாம்ல வேலைக்கு சேந்தாங்க. சொறியும் வயித்துப்போக்குமா இருந்த பிள்ளைங்க. 14 வயசுல இருந்து பழகுன கைக்கு அது புதுசா என்ன? இத எந்த வீடியோவுலயும் யாரும் சேத்துப் பாத்து சொன்னதில்ல, நான்தான் சொல்றேன், தப்பா இருந்தா இருந்துட்டு போகட்டும். வழியெல்லாம் எழுதி ஊருக்கு நண்பர்களுக்கு அனுப்பிட்டு வந்த டைரிதான் 1965ல 'ஃபுல் டில்ட்'னு புஸ்தகமா வந்துச்சு. கடைசி வரைக்கும் டைப்ரைட்டர்தான், கம்ப்யூட்டர் தொடல, கார் ஓட்டவும் கத்துக்கல.

இப்ப கமெண்ட்ல ஒரு கூட்டம் வரும், வெள்ளைக்காரி, வெள்ளைக்காரப் பாஸ்போர்ட், அதனால முடிஞ்சுது, நம்ம பொண்ணுங்களுக்கு ஆகுமான்னு. பாதி ஒத்துக்கறேன். 1963ல பாகிஸ்தான்ல அதிகாரிங்க வீட்டு விருந்தாளியா தங்கறது தனியா வர்ற ஒரு தமிழ்ப் பொண்ணுக்கு நடந்திருக்காது. குரலும் டிரஸ்ஸும் பாத்து பல இடத்துல ஆம்பளைன்னே நெனச்சிருக்காங்க, அதுவும் உதவியிருக்கு. ஆனா அந்தம்மாவுக்கு ஊர்ல சுகமா ஒண்ணும் விரிச்சு வெக்கல. 1968ல கல்யாணம் ஆகாம பொண்ணு ரேச்சல் பொறந்தா. அந்தக் காலத்து கத்தோலிக்க அயர்லாந்துல, அத்தனூண்டு ஊர்ல, கொழந்தைய வெச்சுக்கிட்டு அங்கயே தலை நிமிந்து வாழ்ந்தாங்க. இங்க நம்ம தெருவுல வேணாம், சென்னைல நடக்குமா சொல்லுங்க.

ரேச்சல் கொஞ்சம் வளர்ற வரைக்கும் பெரிய பயணம் கிடையாது, புஸ்தக விமர்சனம் எழுதிப் பொழப்பு. பொண்ணுக்கு 5 வயசு ஆகற சமயம், 1973 கடைசில, கூட்டிட்டு பம்பாய் வந்து இறங்குனாங்க. கோவா, கேரளா, நம்ம கன்னியாகுமரி எல்லாம் சுத்திட்டு குடகுல ஒரு கிராமத்துல ரெண்டு மாசம் வாடகைக்கு தங்குனாங்க. 1976ல வந்த 'ஆன் எ ஷூஸ்ட்ரிங் டு கூர்க்' அந்தக் கதைதான். அடுத்து பொண்ணுக்கு 6 வயசுல பாகிஸ்தானுக்கு வடக்க மலைக்குள்ள இருக்கற பால்டிஸ்தான்ல குளிர்காலம், 9 வயசுல பெரு நாட்டு ஆண்டீஸ் மலை நடை. 60 வயசுல கென்யாவுல இருந்து ஜிம்பாப்வே வரைக்கும் சைக்கிள். 80 கிட்ட வந்தப்ப பாலஸ்தீனத்துல காசா பகுதிக்குப் போயி தங்கி எழுதுனாங்க. அதனால 30 தாண்டிருச்சுன்னு நீங்க சொல்றது எனக்கு சிரிப்பாதான் இருக்கு.

எங்கம்மாவுக்கு இந்தக் கதைய கொஞ்சம் கொஞ்சமா படிச்சு தமிழ்ல சொல்லிட்டு வந்தேன். டெர்வ்லாவோட அம்மா போயிட்டு வான்னு அனுப்பி வெச்ச எடம் வந்தப்ப எங்கம்மா இடது கைய நீட்டி வாசலக் காட்டுனாங்க. மொதல்ல தண்ணி கேக்கறாங்கன்னு நெனச்சேன். "போ"ன்னாங்க. பாதிப் பேச்சுலயும் அது தெளிவாவே வந்துச்சு. அப்புறம் அண்ணனுக்கு போன் போட்டேன், லீவு போட்டுட்டு வந்து நீ படுத்துக்கோ, நான் குடகு போறேன்னு. "தனியாவா, எதுக்கு, யார்கூட"ன்னு ஒரு விசாரணை. அண்ணிதான் வந்தாங்க, அத சொல்லியே ஆகணும், அண்ணி நல்ல மாதிரி.

சத்தி, பண்ணாரி, திம்பம் மலையில 27 வளைவும் ஏறி சாம்ராஜ்நகர் வழியா மைசூர், அங்க இருந்து மடிக்கேரி. நடுவுல ஒரு ஊர்ல லாட்ஜ்ல "ஃபேமிலியா வந்தாத்தான் ரூம், தனி லேடிஸுக்கு குடுக்கறதில்ல"ன்னுட்டான். ஆதார் காட்டறேன், அட்வான்ஸ் குடுக்கறேன், மாட்டேங்கறான். 45 வயசுப் பொம்பள ரூம் எடுத்து என்னத்த பண்ணிருவேன்? தூங்குவேன்! சொந்த வீட்ல தூங்கி எத்தன வருஷம் ஆச்சு. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு அம்மா நடத்தற விடுதில எடம் கிடைச்சுது. மடிக்கேரில மழை, ரெண்டு நாளும் வெளிய எதுவும் சரியா பாக்கல, காப்பித் தோட்டத்துல கொஞ்சம் நடந்தேன், அட்டை ஏறுச்சு, அவ்வளவுதான். அதப்பத்தி நான் எழுதுனத யாரும் புஸ்தகமா போடப்போறதில்ல, எனக்கு அந்த ஆசையும் இல்ல. எங்கம்மா மட்டும் மூணு தடவ படிக்க வெச்சு கேட்டாங்க, அதுல ரெண்டு எடத்துல இலக்கணப் பிழைன்னு கை ஆட்டுனாங்க.

அம்மா இப்ப இல்ல. வருத்தம் சொல்ல வேண்டாம், ப்ளீஸ். "ஹோம்ல சேத்துட்டு போலாமே"ன்னு சொல்றவங்களும் பதில் போட வேண்டாம், நல்ல ஹோமுக்கு மாசம் எவ்வளவு கேக்கறாங்கன்னு விசாரிச்சுட்டு அப்புறம் வாங்க.

கேட்டவங்களுக்கு: மொதல்ல 'வீல்ஸ் விதின் வீல்ஸ்' படிங்க, 'ஃபுல் டில்ட்' அப்புறம். அடுத்த மாசம் யாரையாவது ரெண்டு நாளைக்கு வீட்ல உக்கார வெச்சுட்டு பக்கத்துல எங்கயாவது போயிட்டு வாங்க. ரூம் புக் பண்றப்ப தனியா வர்ற லேடின்னு போன்லயே சொல்லிருங்க, ஒத்துக்கிட்டா மட்டும் அட்வான்ஸ் அனுப்புங்க.