அர்த்தம் சொல்ல ஆளில்லாத சபையில் அந்நியபாஷை

அந்நியபாஷை என்பது ஆவியானவரின் ஏவுதலால் பேசும், பேசுகிறவருக்கே புரியாத பாஷை. அதற்கு அர்த்தம் சொல்ல ஆளில்லாத சபையில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அர்த்தம் சொல்ல யாரும் இல்லையென்றால் சபை நடுவே அதைச் சத்தமாகப் பேச வேண்டாம். ஆனால் ஜெபத்தை நிறுத்தவும் வேண்டாம். உங்களுக்கும் தேவனுக்கும் மட்டும் தெரியும்படி பேசுங்கள் (1 கொரிந்தியர் 14:28).

அபிஷேகம், அதாவது ஆவியானவரின் வல்லமை, வரும்போது அடக்க முடியவில்லை என்றும் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அது சுற்றியுள்ள சத்தத்தோடு சேர்ந்து குரல் உயரும் பழக்கம்தான். தீர்க்கதரிசிகளின் ஆவிகளே அவர்களுக்கு அடங்கியிருக்கும் என்கிறது அதே அதிகாரத்தின் 32ஆம் வசனம். அந்நியபாஷைக்கும் அது பொருந்தும்.

அடுத்த ஆராதனையில் உதடு மட்டும் அசையுமளவுக்குக் குரலைத் தாழ்த்திப் பாருங்கள். ஜெபம் தடைபடாமல் ஓடினால் கட்டுப்பாடு உங்களிடம்தான் இருக்கிறது. கூடவே அர்த்தம் சொல்லும் வரத்தையும் கேளுங்கள் (14:13). பலர் இதைக் கேட்பதே இல்லை, அதுதான் வருத்தம்.

எல்லாரும் ஒருமித்து ஜெபிக்கும் நேரத்துக்கும் இந்த விதி உண்டா என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.