ஜன்னல் வழியே ஒரு படம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மே விடுமுறையில் குடும்பத்தோடு அந்தமான் போனோம். பாராடங் தீவுக்குப் போகும் வழியில் சாலையோரம் நின்ற ஜாரவாப் பழங்குடியினரை என் மகன் வேன் ஜன்னல் வழியாக மொபைலில் படம் எடுத்தான். டிரைவர் கடுமையாகத் திட்டிவிட்டார். நாங்கள் வண்டியை நிறுத்தவில்லை, எதுவும் கொடுக்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை. காசியில் எல்லோரும் இப்படித்தானே எடுக்கிறோம்? ஒரு படத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

ஆர்.எஸ்., திருச்சி

அன்புள்ள ஆர்.எஸ்.,

டிரைவர் திட்டியது நியாயம்தான். ஜாரவாக்களைப் படம் எடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழங்குடிகளைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை 2012இல் திருத்திக் கடுமையாக்கினார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் வெளியான ஒரு வீடியோவில், சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்வார்கள். அவர்களும் ஆடுவார்கள். பார்த்தவர்களுக்கு மறக்காது.

உங்கள் மகன் அப்படி எதுவும் செய்யவில்லை, தெரியும். ஆனால் அந்தச் சாலையின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்து அதைப் போட்டபோது அவர்கள் அம்பு எய்து எதிர்த்தார்கள். ‘வேண்டாம்’ என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? 1990களின் கடைசியில்தான் பகையை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்திலேயே அவர்களிடம் தட்டம்மை பரவியது.

அந்தக் காட்டுக்குள் நுழையும் முன் உள்ள ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிவதற்கு முன்பே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கான்வாய் கிளம்பியதும் வேனுக்குள் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருவர் “அதோ, அதோ!” என்பார், மொத்த வேனும் ஒரு பக்கமாகச் சாயும். முதுமலையில் யானையைக் கண்டாலும் அப்படித்தான் சாய்வோம். ஒரு தாய் தன் பிள்ளையோடு நிற்கும்போது அப்படிச் சாய்வது எனக்குத் தாங்கவில்லை.

காசியைச் சொன்னீர்கள். படித்துறையில் பூ விற்கும் அம்மாவைப் படமெடுக்கப் போனால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். சிரிக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கையை ஆட்டி மறுக்கலாம். மறுத்தால் கேமராவை இறக்கிவிடுகிறோம். அதே காசியில் மணிகர்ணிகா கட்டத்தில் சிதை எரியும்போது எடுக்காதீர்கள் என்கிறார்கள், நாமும் கேட்டுக்கொள்கிறோம். நான் பார்ப்பது இதைத்தான்: எதிரில் இருப்பவருக்கு மறுக்க வழி இருக்கிறதா? ஓடுகிற வேனிலிருந்து எடுத்தால் அது கிடையாது. தொந்தரவு செய்யக் கூடாது என்று தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் எடுப்பவர்களும் இந்த வழியைத்தான் அடைக்கிறார்கள்.

பாராடங்கில் சுண்ணாம்புக்கல் குகைக்குப் போகும் வழியில் எலுமிச்சை ஜூஸ் விற்கிறார்களே, அவர்களிடம் உட்கார்ந்து பேசி, கேட்டுவிட்டு எடுக்கலாம். நம்பர் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைக்கலாம்.

அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். உறவினர் குரூப்பில் போட்டிருந்தால் அங்கேயும் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து அந்தமான் போகிறவர் அந்தக் குரூப்பிலேயே இருப்பார்.