முதல் நாலு ராத்திரிக்குத் தயாராகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 61, கணவருக்கு 66. போன வருடம் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைத்துத் தங்கும் வண்டி) ஒன்று வாங்கினோம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. அதில் 430 கிலோ பாரம் ஏற்றலாம் என்று கையேட்டில் இருக்கிறது. இதுவரை கோடையில் இரண்டு மூன்று நாள் போய்வந்ததோடு சரி. இந்த அக்டோபர் கடைசியில் குளிருக்குத் தப்பி 2,000 கி.மீ. தெற்கே போய் மூன்று மாதம் தங்க ஆசை. "வெயிலுக்குத்தானே போகிறோம், என்ன பெரிய ஏற்பாடு?" என்கிறார் அவர். நாளுக்கு 500 கி.மீ. ஓட்டினால் நாலே நாளில் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. போய்ச் சேரும் இடம் வெயில்தான்; ஆனால் கிளம்பும் இடம் குளிர். இந்தப் பயணத்தில் கெட்டுப்போகிற சாமான்களில் பெரும்பாலானவை முதல் மூன்று நாலு ராத்திரியில்தான் கெடுகின்றன. கோடையில் மட்டும் ஓடிய வண்டி அந்த ராத்திரிகளை இதுவரை பார்த்ததில்லை.

காஸிலிருந்து தொடங்குங்கள். சிலிண்டரில் இருப்பது பியூட்டேனா, புரொப்பேனா என்று இன்றைக்கே பாருங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்பும், அடுப்பு மட்டும் எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அதனால் புரொப்பேன்தான் வேண்டும். உறைபனி ராத்திரியில் ஹீட்டர் சராசரியாக 2 கிலோவாட் வீதம் 12 மணி நேரம் ஓடினால் சுமார் 2 கிலோ காஸ் போகும். 11 கிலோ சிலிண்டர் ஐந்தாறு ராத்திரிக்கு மேல் வராது. எல்லை தாண்டிப் போவதானால் இன்னொன்று: சிலிண்டரின் வாய் நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்கள் காலி சிலிண்டரை அங்கே மாற்றிக்கொள்ள முடியாமல் போகலாம். இரண்டு சிலிண்டரையும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது தண்ணீர். உங்கள் வண்டியின் பாய்லர் பக்கத்தில் சின்னக் குமிழோடு ஒரு வால்வு இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் உண்டு. அந்த இடத்தின் வெப்பம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது தானாகத் திறந்து, பாய்லர் வெடிக்காமல் இருக்க அதிலுள்ள தண்ணீரை வெளியே விட்டுவிடும். காலையில் வண்டிக்கடியில் குட்டை கட்டி நிற்பதைப் பார்த்துக் குழாய் உடைந்துவிட்டதாகப் பதறுவார்கள். உடையவில்லை, வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்த வழியே போய்விடும் என்பதுதான் சிக்கல். ஆகவே தூங்கப்போகும்போது பம்ப்பை அணைத்துவிடுங்கள். வால்வை மூட முதலில் உள்ளே ஹீட்டர் போட்டுச் சூடேற்ற வேண்டும். 7 டிகிரி வாக்கில் வந்தால்தான் குமிழ் நிற்கும். அதற்கு முன் எத்தனை தடவை அழுத்தினாலும் திரும்பத் திறந்துகொள்ளும்.

ஈரத்தைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வருகிறது. ஹீட்டரின் புகை வெளியே போய்விடும், அடுப்பின் ஆவியோ உள்ளேயேதான் சுற்றும். இருவர் மூச்சும் அதோடு சேர்ந்தால் காலையில் முன்கண்ணாடியில் தண்ணீர் வழியும். குளிருகிறதே என்று கூரையிலும் தரையிலும் உள்ள காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். அவை உயிர் காக்க வைத்தவை. எரியும் காஸிலிருந்து வரக்கூடிய நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு உள்ள அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதித்துவிடுங்கள். கண்ணாடிக்கான வெப்பத்திரையை உள்ளே மாட்டுவதைவிட வெளியே மாட்டினால் நீர் கோப்பது நன்றாகக் குறையும். காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள், அடியில்தான் பூஞ்சை பிடிக்கும்.

இனி எடை. அந்த 430 கிலோ பெரிதாகத் தெரியும். ஓட்டுநருக்கு 75 கிலோவும் டீசலும் பெரும்பாலும் அதற்கு முன்பே கழிக்கப்பட்டிருக்கும். நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை. உங்களுக்கு 65, தொட்டி நிறையத் தண்ணீர் 100, இரண்டாவது சிலிண்டர் 22, பக்கவாட்டு நிழல்விரிப்பு 30, கூடுதல் பேட்டரியும் சோலார் பலகையும் 40, மின்சைக்கிள் இரண்டும் தாங்கியும் 60. மொத்தம் 317. மிச்சம் 113 கிலோவில் மூன்று மாதத்துக்கான துணி, பாத்திரம், நாற்காலி, படுக்கை எல்லாம் அடங்க வேண்டும்.

சைக்கிள் தாங்கி இன்னொரு வேலையும் செய்யும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர், பின்னச்சிலிருந்து தாங்கி 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 கிலோ பின்னச்சில் 90 கிலோவாக இறங்கும். முன்னச்சிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடும். முன்சக்கரம் இழுக்கிற வண்டி, நனைந்த இலைச்சருகு கிடக்கும் புல்தரை என்றால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எல்லாவற்றையும் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து, எடைமேடையில் முன்னச்சு, பின்னச்சு, மொத்தம் என்று மூன்று எடை எடுங்கள். அச்சுக்கு அச்சு வரம்பு வண்டியின் தகட்டிலேயே இருக்கும். மீறினால் முதலில் குறைக்க வேண்டியது தண்ணீரை: ஓடும் நாட்களில் 30 லிட்டர் போதும், 70 கிலோ மிச்சம்.

டயரில் தேய்மானத்தைவிட வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017-ன் 32-வது வாரத்தில் செய்தது. நின்றே கிடந்த வண்டியின் டயர் பூ தேயாமலே விரிசல் விடும். அவ்வளவு பழையதானால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

500 கி.மீ. கணக்குக்கு வருவோம். வேண்டாம். அக்டோபர் கடைசியில் சீக்கிரம் இருட்டிவிடும். தெரியாத இடத்தில் இருட்டில் வண்டியை நிறுத்துவதுதான் பயணத்திலேயே சிரமமான வேலை. நாளுக்கு 250, மிஞ்சினால் 300 கி.மீ. ஓட்டி மாலை நாலு மணிக்குள் நிறுத்துங்கள். முதல் நாலு ராத்திரிக்கும் வண்டியை நிறுத்தித் தங்குவது மின்இணைப்பு உள்ள முகாமாக இருக்கட்டும். ஈய-அமில பேட்டரி 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்றாலும் பாதிதான் எடுக்கலாம், குளிரில் அதுவும் குறையும். தாழ்ந்த வெயிலில் சோலார் பலகையை நம்ப முடியாது. கோடை முடிந்ததும் மூடிவிடும் முகாம்கள் நிறைய, திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெயில் வந்ததும் ஒன்றை மறக்காதீர்கள். காஸிலும் ஓடும் வகை ஃபிரிட்ஜ் என்றால், குளிருக்காக அதன் வெளிப்புறக் காற்றுத் துளைகளுக்கு மாட்டிய மூடிகளைக் கழற்ற வேண்டும். மாட்டியே இருந்தால் ஃபிரிட்ஜ் குளிராது. திரும்பி வரும்போது இதே கதை தலைகீழ்: சூடான ஊரில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். டாங்கை முக்காலும் காலியாக வைத்துக்கொண்டு வந்து, குளிர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் அங்கே விற்கும் டீசலை நிரப்புங்கள்.