கேரட்டிலிருந்து ஊசி மருந்தா?

கேள்வி: கேத்தி பாலாடாவில் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கேரட். காலேஜில் படிக்கிற மகள், கேரட்டிலிருந்து மனுஷனுக்கு ஊசி மருந்து எடுக்கிறார்கள் என்கிறாள். நிஜமா? நிஜம் என்றால் அந்த விதையை நாங்களும் போடலாமா? மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இறங்கினால் போட்ட காசே வருவதில்லை.

பதில்: நிஜம்தான். கோஷே என்று ஒரு பரம்பரை நோய். ஒருவகைக் கொழுப்பை உடைக்கிற நொதி உடம்பில் போதாமல், கொழுப்பு தேங்கி மண்ணீரலும் கல்லீரலும் வீங்கிவிடும். அந்த நொதிக்கான மனித மரபணுவைக் கேரட் செல்லுக்குள் வைத்து மருந்தாக்கியது புரோட்டாலிக்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி. 2012-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் நீங்கள் தோண்டி, மெஷினில் கழுவி, மூட்டை கட்டுகிற கேரட் இல்லை அது. மண்ணே கிடையாது, அறைக்குள் பெரிய பிளாஸ்டிக் பைகளில் சத்துக் கரைசலில் மிதக்கிற வெறும் செல்கள்.

ஏன் கேரட்? அதற்கு முன் இதே நொதியை வெள்ளெலி இனத்துச் செல்களில்தான் செய்துகொண்டிருந்தார்கள். 2009-ல் பாஸ்டனில் இருந்த ஆலையின் தொட்டிகளுக்குள் வைரஸ் புகுந்து வேலை நின்றது, நோயாளிகளுக்கு மருந்துத் தட்டுப்பாடு. விலங்கைத் தாக்கும் அந்த மாதிரி வைரஸ் கேரட் செல்லில் பெருகாது.

சரி, செல் நொதியைச் செய்துவிட்டது, அப்புறம்? நொதியும் ஒரு புரதம்தான், அதைச் செடியின் மற்றப் பொருள்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அங்கேதான் பாடு, இலையில் மருந்து செய்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் பக்கத்து டீ பேக்டரியில் பச்சைத் தேயிலையைக் கசக்கியதும் பழுப்பேறுகிறதே, டீக்கு அது வரம். இலையிலிருந்து புரதம் எடுக்கிறவருக்கு அதுவே தலைவலி, ஏனென்றால் பழுப்பாக்கும் பொருள் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுத்துவிடும். அதனால் புகையிலை இனச் செடிகளில் மருந்துப் புரதம் செய்கிறவர்கள், இலையைக் குளிரிலேயே அரைத்து, வைட்டமின் சி மாதிரி ஏதாவது சேர்த்துப் பழுப்பைத் தடுப்பார்கள். புளிப்பைக் கூட்டினால் இலையின் சொந்தப் புரதம் பெரும்பாலும் திரிந்து அடியில் தங்கும். வடிகட்டியதைக் குழாய்களில் அடைத்த பிசின் மணிகள் வழியே விட்டு, வேண்டிய ஒன்றை மட்டும் பிடித்து எடுப்பார்கள். செடி வளர்ப்பதைவிட இதற்குத்தான் பணம் கரைகிறது.

விதை விஷயம்: மரபணு மாற்றிய விதையை மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் இல்லாமல் தோட்டத்தில் போட முடியாது. அமெரிக்காவில் 2002-ல் மருந்துக்காகப் போட்ட மக்காச்சோளம், அடுத்த போகத்துச் சோயாவுக்குள் தானே முளைத்துக் கலந்து, சுமார் 5 லட்சம் புஷல் (அங்கே தானியம் அளக்கும் அளவு) சோயா வீணானது. மருந்துக் கேரட் விதை என்று யாராவது பொட்டலத்தோடு வந்தால், காசு கொடுத்துவிடாதீர்கள்.