மேட்ச் வீடியோ நிறையப் பார்க்கிறேன், ஆனால் மேட்ச்அப் பிடிபடவில்லை. எப்படிப் பார்ப்பது?

இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களைத் தினமும் பார்க்கிறேன், காம்போ (தொடர் அடிகள்) எல்லாம் அத்துப்படி, ஆனாலும் சில கதாபாத்திரங்கள் எதிரே வந்தால் தோல்விதான், எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக நானும் இதே இடத்தில் நின்றவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஜாங்கீஃப் ஆடுகிறேன். என் உயிரை எடுத்த மேட்ச்அப், அதாவது என் கதாபாத்திரத்துக்கு எதிராக வரும் இன்னொரு கதாபாத்திரம், கைல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்திலிருந்தே ஜாங்கீஃப்புக்குத் தலைவலியாக இருப்பது இது. ஜாங்கீஃப் கிட்டே வந்து பிடித்தால்தான் பிழைப்பான், கைல் கிட்டேயே விடாமல் தூரத்திலிருந்து சோனிக் பூம் என்ற பறந்து வரும் அடியை எறிந்துகொண்டிருப்பான். ஜாங்கீஃப்புக்கு உயிர் 11,000, கைலுக்கு 10,000. ஜாங்கீஃப் பிடித்துச் சுழற்றி அடிக்கும் ஸ்க்ரூ பைல் டிரைவர் ஒன்று சரியாக விழுந்தால் கால்வாசி உயிர் போய்விடும். ஆனால் அந்த ஒரு பிடிக்குள் போய்ச் சேருவதுதான் மொத்த ஆட்டமே.

ஒரு வீடியோவில், பூமுக்கு மேலே குதித்து வந்து கைலைப் பிடித்துச் சுழற்றி அடித்த ஒரு ஜாங்கீஃப்பைப் பார்த்தேன். அதே வீடியோவில் மூன்று முறை செய்தார். சரி, பூம் வந்தால் குதிக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த பல வாரங்கள் பூமைக் கண்டால் குதித்தேன், குதித்த ஒவ்வொரு முறையும், குதித்து வருபவரை அடித்து வீழ்த்தும் கைலின் சம்மர்சால்ட் கிக்கில் போய் விழுந்தேன். அவர் செய்தால் பலிக்கிறது, நான் செய்தால் பலிக்கவில்லை. என் கை வேகம் போதாது என்றுதான் நினைத்தேன். உண்மையில் அந்த வீடியோவில் இருந்த முக்கியமான விஷயத்தை நான் பார்க்கவே இல்லை.

கைலின் இரண்டு சிறப்பு அடிகளும் சார்ஜ் வகை, அதாவது ஒரு திசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்த பிறகே வரும். பின்பக்கம் முக்கால் விநாடி போலப் பிடித்து வைத்து, முன்னே தள்ளிக் குத்தினால் பூம். கீழே அதேபோலப் பிடித்து வைத்து, மேலே தள்ளி உதைத்தால் சம்மர்சால்ட். கீழ்-பின் மூலையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே தயாராகும். அதனால்தான் கைல்கள் எப்போதும் குந்தியே இருக்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். ஆனால் இதை மறுபக்கமாகத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கைல் முன்னோக்கி நடந்தால் இரண்டு சார்ஜும் போய்விடும். எழுந்து பின்னோக்கி நடந்தால் பூம் தயாராகும், சம்மர்சால்ட் தயாராகாது.

இதைத் தெரிந்துகொண்டு அதே வீடியோவைத் திரும்பப் போட்டேன். அந்த ஜாங்கீஃப் குதித்த மூன்று முறையும், கைல் மெதுவான பூம் ஒன்றை எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார். இடத்தைப் பிடிப்பதற்காக நடக்கிறார், பூம் முன்னால் போய்ப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் சம்மர்சால்ட் இல்லை. அந்த நடையைப் பார்த்துத்தான் ஜாங்கீஃப் குதித்திருக்கிறார். கைல் குந்தியிருந்தபோது வந்த பூம்களில் ஒன்றுக்குக்கூட அவர் குதிக்கவில்லை. தடுத்தார், அல்லது வரும் அடியை ஏற்றுத் தள்ளிவிடும் டிரைவ் பேரி பிடித்தார், ஓர் அடி முன்னால் வந்தார், மறுபடி பேரி பிடித்தார். அந்தப் பகுதிகளையெல்லாம் நான் சலிப்பில் தள்ளி ஓட்டிவிட்டிருந்தேன்.

அதிலிருந்து வீடியோவை நான் பார்க்கும் விதமே மாறியது. இப்போது முதலில் எதிராளியின் காலைத்தான் பார்க்கிறேன். நடக்கிறாரா, குந்துகிறாரா, எந்தத் தூரத்தில் நிற்கிறார், எந்தத் தூரத்துக்கு வந்ததும் பின்வாங்குகிறார். நல்ல கபடி ஆட்டக்காரர் ரைடு வருபவரின் கையைப் பார்த்து ஏமாறமாட்டார், கால் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். கிட்டத்தட்ட அதே பழக்கம்தான்.

அடுத்து நான் செய்தது, உயிர் குறையும் இடங்களை எண்ணுவது. என் கதாபாத்திரம் தோற்ற ஆட்டங்களைத் தேடி எடுத்தேன். வென்ற வீடியோதான் நிறையக் கிடைக்கும், பார்க்கவும் சந்தோஷம். ஆனால் மேட்ச்அப்பின் எலும்பு தோற்ற வீடியோவில்தான் தெரியும். ஜாங்கீஃப்பின் உயிர்க்கோடு குறையும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அதற்கு இரண்டு விநாடி முன்னால் போய், ஏன் என்று ஒரே வரியில் எழுதினேன். பூம் நேராகப் பட்டு இழந்த உயிர் மிகக் கொஞ்சம் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பூமுக்குப் பொறுமை இழந்து குதித்தும், பேரி பிடித்தபடி நின்று த்ரோ (பிடித்துத் தூக்கி எறிதல்) வாங்கியும் இழந்ததுதான் அதிகம். பேரி பிடித்துக்கொண்டிருப்பவரைத் தூக்கி எறிந்தால் அது பனிஷ் கவுண்டர், அதாவது தண்டனை அடியாகி, கூடுதலாக விழும், தெரியும்தானே. கைல்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். இந்த மேட்ச்அப்பில் என் எதிரி பூம் இல்லை, பூமைப் பார்த்து நான் செய்யும் காரியம்தான் என்பது அந்தப் பக்கத்தை எழுதி முடித்த பிறகுதான் புரிந்தது.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. வீடியோவில் ஓர் ஆட்டக்காரர் செய்தது, கண்ணால் கண்டு செய்ததா, முன்கூட்டியே ஊகித்துச் செய்ததா என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஆட்டம் விநாடிக்கு 60 ஃபிரேம் (திரைப் படம்) ஓடுகிறது. கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி வேண்டும், அதாவது 12 முதல் 15 ஃபிரேம். டிரைவ் இம்பாக்ட் என்ற மெதுவான பலத்த அடி வெளிவர 26 ஃபிரேம் ஆகும், அதனால் அதைக் கண்டு பதில் சொல்லலாம், பழகினால் நம்மாலும் முடியும். குந்தி உதைக்கும் ஒரு மீடியம் கிக்கோ பத்து ஃபிரேமுக்குள் வந்து சேர்ந்துவிடும். அதைக் கண்டு பெர்ஃபெக்ட் பேரி (அடி படும் கணத்திலேயே பிடிக்கும் பேரி) பிடிக்க உலகில் யாராலும் முடியாது. அப்படி ஒருவர் பிடித்தால், அந்த நேரத்தில், அந்தத் தூரத்தில் எதிராளி அதைத்தான் செய்வார் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, எப்படிப் பிடித்தார் என்பதல்ல. எது அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்பதுதான். பதில் அதே ஆட்டத்தில் ஒரு சுற்று முன்னால் எங்காவது கிடக்கும், பின்னால் ஓட்டித் தேடுங்கள்.

சண்டை விளையாட்டுகளின் பெரிய போட்டியான ஈவோவில், 2004-இல் டைகோ, ஜஸ்டின் வாங் என்ற இரண்டு புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் மோதிய அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர் இந்த வட்டாரத்தில் இருக்கமாட்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக், கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்தது. ஜஸ்டின் ஆடிய சுன்-லியின் சூப்பரில் (மீட்டர் நிரம்பினால் வரும் பெரிய அடி) வரும் 15 அடிகளையும் டைகோ ஆடிய கென் ஒவ்வொன்றாகப் பேரி செய்து திருப்பி அடித்து முடிப்பார். எல்லோரும் அந்த 15 அடியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம். நீங்கள் அதற்கு முந்தைய விநாடிகளைப் பாருங்கள். கென்னுக்கு நூலளவு உயிர்தான் மிச்சம். அந்த விளையாட்டில் சூப்பரைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் கசியும், அதனால் கென் தடுத்தாலும் செத்துவிடுவார். சூப்பர் தயாராக இருக்கும் சுன்-லிக்கு அதை எறிவதுதான் மிக இயல்பான வழி. டைகோவுக்கும் அது தெரியும். சூப்பர் வந்தே தீரும் என்று அறிந்தவர், அது எங்கே எப்போது வரும் என்று காத்து நின்றார். எதிராளிக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, அதில் எது மிக இனிப்பானது என்று தெரிந்துவைத்திருப்பதே மேட்ச்அப் அறிவு. கைவேகம் அதற்கு அப்புறம்தான்.

எந்த மாதிரி வீடியோவைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். போட்டிகளில் நடக்கும் இரண்டு வெற்றி, மூன்று வெற்றி ஆட்டங்களைவிட, பத்து வெற்றி வரை ஆடும் நீண்ட செட்டுகளை நான் அதிகம் நம்புகிறேன். குறுகிய ஆட்டத்தில் ஒரு புதுத் தந்திரம் செய்தே ஒருவர் வென்றுவிடலாம். நீண்ட செட்டில் அந்தத் தந்திரம் நான்காவது ஆட்டத்துக்குள் செத்துப்போகும், மேட்ச்அப்பில் உண்மையாகவே இருப்பது மட்டும் மிஞ்சும். 2018 மார்ச்சில் டைகோவும் டோகிடோ என்ற இன்னொரு ஜப்பானிய ஆட்டக்காரரும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் ஆடிய பத்து வெற்றிச் செட் ஒன்று இருக்கிறது. டைகோ ஆடியது கைல், டோகிடோ ஆடியது அகுமா என்ற கதாபாத்திரம். டோகிடோ அதற்கு முந்தைய ஆண்டு ஈவோ சாம்பியன். டைகோ 10-5 என்று வென்றார். நான் அகுமா ஆடுவதில்லை, அந்த விளையாட்டும் பழசு. இருந்தாலும் அந்த 15 ஆட்டங்களை மூன்று தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரே கைல், ஒரே எதிரி. ஓர் ஆட்டத்தில் வேலை செய்தது அடுத்த ஆட்டத்தில் ஏன் வேலை செய்யவில்லை என்று தொடர்ந்து பின்பற்றிப் போக முடிகிற வீடியோக்கள் அதிகம் கிடைப்பதில்லை.

யூடியூபைவிட விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ரீப்ளே வசதி நமக்கு இன்னும் நல்லது. கதாபாத்திரம், தரவரிசை எல்லாம் வைத்துத் தேடலாம், முக்கியமாக இருவரும் அழுத்தும் விசைகளைத் திரையில் காட்டச் சொல்லலாம். கைல் எவ்வளவு நேரம் பின்னே பிடிக்கிறார், எப்போது விடுகிறார் என்பதெல்லாம் அதில் பச்சையாகத் தெரியும். ஜாங்கீஃப் ஆடுபவர்களில் இடாபாஷி ஜாங்கீஃப் (ஆட்டக்காரரின் பெயரே அதுதான்), கோபயான், கைல் ஆடுபவர்களில் ஹிகுச்சி. இப்படி இரண்டு மூன்று பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இருபது பேரைப் பார்த்தால் யாருடைய பழக்கம், எது மேட்ச்அப் என்று குழம்பும்.

தேதியையும் பாருங்கள். 2024 மே மாதம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் அகுமா சேர்ந்தபோது பல கதாபாத்திரங்களின் அடிகளை மாற்றினார்கள். அதற்கு முந்தைய வீடியோவில் பலித்த ஓர் அடி இப்போது பலிக்காமல் போகலாம். தூரம், நடை, பயம் இதெல்லாம் பழைய வீடியோவிலும் அப்படியேதான் இருக்கும். ஃபிரேம் கணக்கை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். ஜப்பானிய வீடியோ பார்ப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: நாம் பைசன் என்று சொல்லும் சர்வாதிகாரி அங்கே வேகா, நம் வேகா அங்கே பல்ராக், நம் குத்துச்சண்டைக்காரர் பல்ராக் அங்கே பைசன். இது தெரியாமல் நான் ஒருமுறை முழு மாலையும் தவறான மேட்ச்அப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பார்த்ததைக் கைக்குக் கொண்டுவராவிட்டால் எல்லாம் வீண், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வீடியோவிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அன்றே விளையாட்டின் பயிற்சிப் பகுதியான டிரெய்னிங் மோடுக்குப் போய்விடுவேன். அங்கே எதிரே நிற்கும் கைல் பொம்மை செய்ய வேண்டியதை நான்கு விதமாகப் பதிவு செய்தேன். மெதுவான பூம் எறிந்து அதன் பின்னாலேயே முன்னே நடந்து வருவது, மெதுவான பூம் எறிந்து குந்திக் காத்திருப்பது, வேகமான பூம், பூம் எறிந்து ஓடிவந்து த்ரோ. நான்கையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, நடந்தால் மட்டும் குதிப்பது, மற்றதற்கெல்லாம் தரையிலேயே நிற்பது என்று பழகினேன். அரைமணி நேரம், தினமும். முதல் சில நாள் எல்லாவற்றுக்கும் குதித்துக்கொண்டேதான் இருந்தேன், ஏனென்றால் கண் பூமைத்தான் பார்க்கிறது, காலைப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் ஒருநாள், பூமைக் கவனிக்காமலே அதைத் தடுத்திருக்கிறேன், கண் கைலின் மீதே இருந்திருக்கிறது என்று திடீரெனத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஆன்லைனில் ஒரு கைல் வந்தார், என்னைவிட நல்ல தரவரிசை. முதல் ஆட்டம் தோற்றேன். இரண்டாம் ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் இருவருக்கும் கொஞ்சம்தான் உயிர். அவர் மெதுவான பூம் ஒன்றை எறிந்தார், குந்தினார். நான் தடுத்தேன். மறுபடி எறிந்தார், குந்தினார். பேரி பிடித்தேன், ஓர் அடி முன்னால் வந்தேன். மூன்றாவது பூமை எறிந்துவிட்டு அவர் எழுந்து ஓர் அடி நடந்தார். அந்த ஓர் அடி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, நான் குதித்தேன்.