மாரி மழையில் ஜெர்பரா அழுகிச் சாகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: மட்டக்களப்புக் கரையோரம் களுவாஞ்சிக்குடியில் வீட்டு வளவில் ஜெர்பராப் பூச்செடி வைத்திருக்கிறேன். நுவரெலியாப் பக்கமிருந்து எடுத்த கன்றுகள். கோடையில் பூத்தன. மாரி தொடங்கியதும் ஒவ்வொன்றாக இலை தொங்கி, நடுப்பகுதி கறுத்துச் சாகின்றன. மிச்சக் கன்றுகளில் இளம் இலைகள் மஞ்சளாகின்றன. மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் தவறாமல் போடுகிறேன். எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: தங்கச்சி, மருந்தைப் பிறகு பார்ப்போம், முதலில் வாடின கன்று ஒன்றைப் பிடுங்குங்கள். இலைகள் எல்லாம் கிளம்புகிற நடு இடம், அதாவது குருத்தடி, கபிலமாகவோ கறுப்பாகவோ மாறி, இழுத்ததும் வேரை மண்ணுக்குள் விட்டுவிட்டுக் கையோடு வந்தால் பெரும்பாலும் பைற்றொப்தோரா என்ற கிருமியால் வரும் அழுகல்தான். அதைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சண நூலும் கடுகு மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளிரோட்டியம் என்ற பூஞ்சணம், அந்த உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடந்து கச்சான், தக்காளி என்று எதையும் பிடிக்கும், ஆகவே அடிமண்ணையும் சேர்த்து அள்ளி அகற்றுங்கள், கூட்டெருக் குழியில் மட்டும் போடவேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குப் பைற்றொப்தோராவாகத்தான் படுகிறது.

ஜெர்பராவுக்கு ஒரு குணம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. அதன் வேர்கள் வளர வளரச் சுருங்கி, கன்றை மண்ணுக்குள் மெல்ல இழுக்கும். நடும்போது மண் மட்டத்தில் இருந்த குருத்தடி சில மாதத்தில் உள்ளே போய்விடும், அதற்கு மேல் நீங்கள் மாட்டெருவும் போட்டால் நன்றாகவே புதைந்துவிடும். கோடையில் இது தெரியாது. மாரியில் அந்தக் குழிக்குள் தண்ணீர் தேங்கும், நோய்க்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் கரையோர மண் மணல்தானே, தண்ணீர் வடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். கார்த்திகை, மார்கழியில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அநேகமாக அதே மட்டத்தில்தான் பாத்திக்கு அடியிலும் நிற்கும்.

சரி, இப்போது செய்யவேண்டியது. உயிரோடு இருக்கிற கன்றுகளின் குருத்தடியைச் சுற்றி மண்ணை விரலால் ஒதுக்கி வெளிச்சம் படவிடுங்கள், தொங்கின பழைய இலைகளை எடுத்துவிடுங்கள். மேலே பொலித்தீனால் ஒரு கூரை, பக்கங்களைத் திறந்தே விடுங்கள், காற்று ஓடாவிட்டால் கூரை போட்டும் பயனில்லை. கன்றுகள் கொஞ்சம்தான் என்றால் சாடிக்கு மாற்றி விறாந்தை ஓரம் வைப்பது இன்னும் நல்லது. தும்புச்சோறு, கருக்கின உமி, மக்கின எரு, மணல் கலந்து நிரப்பி, குருத்தடி மண்ணுக்கு மேலே ஒரு விரல் அகலம் தெரிய நடுங்கள், கன்று ஆடினாலும் பரவாயில்லை, ஒரு சின்னக் குச்சி ஊன்றினால் போதும். அடுத்த முறை நிலத்தில் நடுவதென்றால் பாத்தியை ஒன்றரை அடி உயர்த்துங்கள், கன்றுக்குக் கன்று ஒரு அடி விடுங்கள்.

மருந்து விசயம்: அழுகின குருத்தடியை எந்த மருந்தும் மீட்காது, பக்கத்துக் கன்றுகளைக் காக்கத்தான் அது. பைற்றொப்தோராவுக்கு வேலை செய்கிற மெற்றலாக்சில் ஸ்கிளிரோட்டியத்துக்கு வேலை செய்யாது, அதனால் பிடுங்கின கன்றை ஒரு பையில் போட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் தருவதை அப்படியே அடிக்கவேண்டாம்.

மஞ்சள் இலை வேறு பிரச்சினை. இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரம் கூடினால் வேரால் எடுக்க முடியாது. ஜெர்பராவுக்கு மண்ணின் அமில-கார அளவு, அதாவது பிஎச், 5.5 முதல் 6.5 வரை வேண்டும், சிப்பித்தூள் கலந்த கரையோர மணலே அதைத் தாண்டி நிற்கும், அதில் சாம்பல் போட்டால் இன்னும் ஏறும். சாம்பலை இன்றோடு நிறுத்துங்கள். வேர் எடுக்கக்கூடிய வடிவில் விற்கிற கீலேற்று இரும்பை லேபிளில் சொன்ன அளவில் ஊற்றினால் புதிதாக வரும் இலைகள் பச்சையாகும். கிணறு உவராக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள், அதுவும் காலையில், குருத்தில் படாமல் அடியில்.

பூவைக் கத்தியால் வெட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. வெட்டினால் மிஞ்சும் அடிக்காம்பு அழுகி நோய் குருத்தடிக்கு இறங்கும். பூவின் நடுவட்டத்தில் வெளி வரிசைகளில் மகரந்தம் தெரியும்போது காம்பின் அடியைப் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்துத் திருகி இழுங்கள், முழுசாகக் கழன்று வரும்.

மே, யூனில் மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று எரிக்கத் தொடங்கினால் காம்பு குட்டையாகி பூவும் சிறுக்கும், அதற்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தப்பிய கன்றுகளில் பக்கக்கன்று வெடித்திருந்தால் மழை ஓய்ந்து மாசியில் பிரித்து நடலாம், ஒவ்வொன்றிலும் வேரும் குருத்தும் இருக்கவேண்டும்.